ஒரு பங்கு கூடுதல்

நான் ஒரு சந்தேகப் பிராணி. என் மனைவி இதைத் திட்டாகத்தான் சொல்வாள். எனக்கோ அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. மற்றவர்கள் நன்றாக ஓடுகிறது என்று கொண்டுவந்து கொடுப்பதை, ஓடாது என்று நிரூபிக்க எனக்குச் சம்பளம். பல வருஷமாக இதையே செய்தால் புத்தி வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. பால் பாக்கெட்டின் தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். லிஃப்ட் லேசாக முனகினால் படியில் இறங்கிவிடுவேன். இப்படிப்பட்டவன் ஒற்றைப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால், பள்ளியை மட்டும் நம்பிவிடுவானா?

மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன புதிதில், பெருக்கல் ஆரம்பிக்கப் போகிறோம், பெற்றோர் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஹைதராபாத் கச்சிபௌலியில் எங்கள் அடுக்ககத்துக்குப் பக்கத்திலேயேதான் பள்ளி. நானும் போனேன். வகுப்பு மிஸ் ஒரு தெலுங்குப் பெண், என்னைவிட வயதில் சின்னவர், குரலே உயராத ரகம். மேஜையில் முட்டை அட்டை, சோடா மூடிகள், ஒரு டப்பா நிறைய ராஜ்மா, காகிதத் தட்டுகள் எல்லாம் பரப்பி வைத்திருந்தார். மூன்று தட்டு எடுத்து ஒவ்வொன்றிலும் நான்கு ராஜ்மா போட்டார். குழந்தைகள் இதைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பார்கள், ஒரு கட்டத்தில் கூட்டுவதற்குச் சோம்பல் வரும், அப்போது பெருக்கல் தானாகப் பிடிபடும் என்றார். அதுவரை வீட்டில் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சோம்பலை நம்பிப் பாடம் நடத்துகிறார்கள் என்று எனக்குப் பட்டது. இவ்வளவு ஃபீஸ் வாங்கிக்கொண்டு ராஜ்மாவைத் தட்டில் போட்டுக் காட்டுகிறார்கள் என்றால், இதில் ஏதோ இருக்கிறது. அந்த வாரமே, மகளோடு காரில் கடைக்குப் போகும்போது ரகசியமாக வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன். நான் “நாலு மூணு பன்னெண்டு” என்பேன். அவள் “ஃபோர் த்ரீஸ் ஆர் ட்வெல்வ்” என்று திருப்பிச் சொல்வாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷையோ தெலுங்கையோ கலந்து பதில் சொல்வதுதான் அவள் வழக்கம்.

எனக்கு எரிச்சல் தரும்படி பெருக்கல் அவளுக்கு ஒழுங்காக வந்துவிட்டது. ஒருநாள் காலி முட்டை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “ஃபோர் த்ரீஸும் த்ரீ ஃபோர்ஸும் சேம்தாம்ப்பா, சும்மா திரும்பி உக்காந்திருக்கு” என்று அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அந்த விஷயம் எனக்கு மீசை முளைத்த பிறகுதான் விளங்கியது. இருந்தாலும் மிஸ்ஸைப் பாராட்ட மனம் வரவில்லை. வகுத்தல் வரட்டும், அப்போது தெரியும் சங்கதி என்று காத்திருந்தேன்.

வகுத்தல் வந்தது. நான் எதிர்பார்த்தபடியே இடித்தது.

வீட்டுக்கு வந்த கணக்குத் தாளில் சிவப்பு வட்டங்கள். இருபது லட்டுகளை நான்கு குழந்தைகள் சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு எத்தனை? அவள் எழுதியிருந்தது நான்கு. பன்னிரண்டு வாழைப்பழம், மூன்று குழந்தைகள். அவள் விடை மூன்று. முப்பது முறுக்கு, ஐந்து பேர். அதற்கும் ஐந்து என்று எழுதியிருந்தாள். அழித்த தடமே இல்லை, கையெழுத்து குண்டு குண்டாக, துளிகூடத் தயங்காமல் எழுதப்பட்ட தப்புகள். திணறிப்போய்த் தப்பு செய்கிறவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

சில நாளில் மிஸ் என்னை வரச் சொன்னார்.

“சார், மீ பாப்ப ச்சாலா ஷார்ப்” என்று ஆரம்பித்தார். உங்கள் பாப்பா ரொம்பக் கெட்டிக்காரி என்று யாராவது தொடங்கினால் அடுத்து ஓர் ‘ஆனால்’ காத்திருக்கிறது என்று அர்த்தம். “கானி...” என்று அதுவும் வந்தது. மீதியை இங்கிலீஷில் சொன்னார். பெருக்கலில் வகுப்பிலேயே வேகமான பிள்ளை வகுத்தலில் மட்டும் வழுக்குகிறாள். அடுத்த டெஸ்ட்டிலும் இப்படியே செய்தால், வெள்ளிக்கிழமை மதியம் நடக்கும் சப்போர்ட் வகுப்பில் உட்கார வைக்க வேண்டியிருக்கும். வெள்ளி மதியம் அவளுக்கு ஸ்கேட்டிங். வாரம் முழுக்க அவள் பள்ளிக்குப் போவதே அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

நான் முட்டை அட்டையையும் ராஜ்மாவையும் பற்றி நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “வீட்டில் வேறு ஏதாவது முறையில் சொல்லிக்கொடுக்கிறீர்களா சார்?” குரல் உயரவில்லை. ஆனால் பார்வை என் முகத்தை விட்டு நகரவும் இல்லை. நான் பள்ளியைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தால், பள்ளி என்னைச் சந்தேகப்படுகிறது. கார் வாய்ப்பாடு ஞாபகம் வந்து காது சூடாகிவிட்டது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சப்போர்ட் வகுப்பு விஷயம் அவள் காதுக்கு எப்படியோ போயிருந்தது. அன்று ஸ்கேட்டிங் ஷூவைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், “அப்பா, எனக்குக் கணக்கு வராது போல” என்றாள். முழுக்கத் தமிழில் சொன்னாள். எதைச் சொன்னாலும் பாதி இங்கிலீஷில் சொல்கிற பிள்ளை. இதற்குக் காரணமானவர் யாராக இருந்தாலும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

யாரோ காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளை உட்கார வைத்து, “உனக்கு இப்படிப் போடச் சொல்லி யாரு சொல்லிக்கொடுத்தா?” என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள். “யாருமில்லப்பா.” “பொய் சொல்லக் கூடாது.” கண் நிறைந்துவிட்டது.

முதல் சந்தேகம், எங்கள் அடுக்ககத்துக் கிளப்ஹவுஸில் அவள் போகும் அபாகஸ் வகுப்பு மேல். நடத்துகிறவர் முன்பு அமீர்பேட்டில் ஏதோ கோச்சிங் சென்டரில் குறுக்குவழிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று கேள்வி. குறுக்குவழி என்றாலே எனக்கு ஆகாது. சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போது கதவுக்கு வெளியே செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒட்டுக் கேட்டேன். கூட்டலைத் தாண்டி அவர்கள் போகவே இல்லை. உள்ளே வரலாமே சார் என்று அந்த ஆசிரியர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டபோது, யாரையோ தேடி வந்தவன் போல நழுவினேன்.

பிறகுதான் அலுவலகத்தில் செய்வதை வீட்டிலும் செய்தால் என்ன என்று தோன்றியது. ஒரு பிழையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அதைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்க்க வேண்டும். எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பிரிக்க வேண்டும். நானே கணக்குகள் எழுதினேன். இருபது பென்சில், நான்கு பேர். ஐந்து என்றாள், சரி. இருபது கோலிக்குண்டு, நான்கு பேர். ஐந்து, அதுவும் சரி. இருபது லட்டு, நான்கு பேர். நான்கு!

பூ, பட்டம், புத்தகம், ஸ்டிக்கர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். எல்லாம் சரி. மாம்பழம், இட்லி, சாக்லேட் என்று போனால் உடனே தப்பு. தின்கிற பண்டம் வந்தால் மட்டும் வகுத்தல் கெட்டுப்போகிறது. கெட்டுப்போவதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. நான்கு பேர் என்றால் ஐந்து பேருக்குப் பங்கு போட்டிருக்கிறாள். மூன்று பேர் என்றால் நான்கு பேருக்கு. ஒவ்வொரு முறையும் கணக்கில் இல்லாத ஒரு வாய் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இது தெரிந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரந்த வாய்? பள்ளியில் எவளோ ஒருத்தி என் பிள்ளையை மிரட்டி டிஃபனில் பங்கு வாங்குகிறாள். இவள் பயந்துபோய் எதைப் பங்கு போட்டாலும் அவளுக்கும் சேர்த்தே போடுகிறாள். இவ்வளவுதான் விஷயம். அந்த வாரம் முழுக்க டிஃபன் டப்பாவை மோப்பம் பிடிக்காத குறையாக ஆராய்ந்தேன். பருக்கை மீதமில்லாமல் வந்தது. அதுவே சந்தேகமாக இருந்தது. இவள் வீட்டில் ஒரு தோசையை அரை மணி நேரம் தின்கிறவள்.

மூன்றாவது மாடியில் இவளோடு படிக்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். ஊரே ஹைதராபாத்தான குடும்பம். லிஃப்டில் தனியாக மாட்டினாள். எங்கள் பாப்பா டிஃபனை யாராவது பிடுங்கித் தின்கிறார்களா என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் நைச்சியமாகக் கேட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “உனிச் மேரா டிஃபன் காரி, அங்கிள்!” என்றாள். உங்கள் பாப்பாதான் என் டிஃபனைத் தின்கிறாள் என்கிறாள். எங்கள் மாடி வந்தும் இறங்க மறந்து, அவளோடு இன்னும் இரண்டு மாடி மேலே போய் அவளுடைய டான்ஸ் வகுப்பு வாசலில் நின்றேன்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நாங்கள் திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் கோபம் வந்தால் அவள் பேச்சில் ஊர் அப்படியே வந்து உட்காரும்.

“பிள்ளைய ஏன் இப்படிப் போட்டு வறுத்தெடுக்கீங்க? ஸ்கூல சந்தேகப்பட்டாச்சு, அபாகஸ் சார சந்தேகப்பட்டாச்சு, இப்பம் பால் மணம் மாறாத பிள்ளைய லிஃப்டுல வச்சு விசாரிச்சிருக்கீங்க. அடுத்து யாரு, நானா?”

உண்மையில் அடுத்து அவள்தான். பங்கு போடுவது, பரிமாறுவது எல்லாம் வீட்டில் அவள் பொறுப்பு. பிள்ளை அவளைப் பார்த்து ஏதாவது கற்றுக்கொண்டிருக்கலாம். அவள் வேலை பார்ப்பது வீட்டிலிருந்தே. நான் இல்லாத நேரத்தில் இங்கே என்ன நடக்கிறது என்று எனக்கென்ன தெரியும்? இதை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. நேரில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு உஸ்மானியா பிஸ்கட்டுகளை எண்ணிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். மனைவி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். மகளைக் கூப்பிட்டேன்.

“வீட்டுல இப்பம் எத்தன பேரு இருக்கோம்?”

“த்ரீ.”

“சரி. எல்லாருக்கும் சமமா பங்கு போடு பாப்போம்.”

அடுப்படிக்குள் ஓடிப் போய்த் தட்டுகள் எடுத்துவந்தாள். நான்கு தட்டுகள். கையும் களவுமாக மாட்டப் போகிறார், யாராக இருந்தாலும். “அம்மாக்கு, எனக்கு, உனக்கு” என்று ஒவ்வொன்றாக வைத்தாள். நான்காவது தட்டில் வைக்கும்போது வாய் திறக்கவில்லை. மறுபடி அம்மாக்கு, எனக்கு, உனக்கு, பேசாமல் ஒன்று. தட்டுக்கு மூன்று வந்து தீர்ந்தது. அடுப்படியிலிருந்து இன்னொரு தட்டு எடுத்துவந்து நான்காவது தட்டின் மேல் கவிழ்த்து மூடினாள். எடுத்துப் போய் அடுப்பு மேடையின் மூலையில் வைத்துவிட்டு வந்து, தன் பிஸ்கட்டைக் கடிக்க ஆரம்பித்தாள்.

“ஏட்டி, அது யாருக்கு?”

“அது எடுத்து வச்சது.”

“அதான், யாருக்கு?”

“இன்னும் வராதவங்களுக்கு.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் வீட்டுக்கு, எனக்குத் தெரியாமல், வர வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். என் பிள்ளை அவருக்குத் தட்டு மூடி வைக்கிறாள். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டேன்.

“வராதவங்கன்னா யாரு பிள்ள? சொல்லு, அப்பா திட்ட மாட்டேன்.”

அவள் என்னை, கணக்கு வராத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“ஆபீஸ்ல இருக்கவங்கப்பா. எல்லா வீட்லயும் ஒருத்தங்க ஆபீஸ்ல இருப்பாங்கல்ல?”

“அப்பம் அந்த லட்டுக் கணக்குல?” என்றேன்.

“ஹவ்” என்று மூன்றாம் மாடிப் பிள்ளை மாதிரியே ஆமாம் போட்டாள். “நாலு பேரும் எல்லாத்தையும் சாப்டுட்டா, அவங்க வந்து என்ன சாப்டுவாங்க?”

“பென்சில் கணக்குல மட்டும் ஏன் எடுத்து வைக்கல?”

“பென்சில யாருப்பா சாப்டுவாங்க!”

அடுப்படியிலிருந்து மனைவி டீயோடு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கா” என்றாள். “பழம் நறுக்கினாலும் சரி, பணியாரம் சுட்டாலும் சரி, மொதல்ல உங்க பங்க எடுத்து மூடி வச்சிட்டுத்தான் நாங்க ரெண்டு பேரும் உக்காருவோம். அவதான் மேடையில கொண்டு போய் வைப்பா.”

நான் அதைப் பார்த்ததே இல்லை. அலுவலக ஷட்டில் பஸ் போக்குவரத்தில் நீந்தி என்னைக் கொண்டுவந்து சேர்க்கும்போது, பிள்ளை அநேகமாகத் தூங்கியிருப்பாள். மேடையில் இருப்பதை எடுத்துச் சுடவைத்து, போனைப் பார்த்தபடியே தின்றுவிட்டுப் படுப்பேன். அது எப்படி அங்கே வந்தது என்று ஒருநாளும் நான் சந்தேகப்பட்டதில்லை.

“இன்னைக்கு நான் வீட்டுலதானட்டி இருக்கேன்? எனக்குந்தான் ஒரு தட்டு போட்டுட்டியே” என்று கேட்டேன்.

பிஸ்கட்டை மென்றபடியே யோசித்தாள். “ஆமால்ல” என்றாள். பிறகு தோளைக் குலுக்கினாள். “ஆனா எடுத்து வைக்கணும்ல.”

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் டெஸ்ட் நெருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஸ்கேட்டிங் கைவிட்டுப் போகக் கூடாது. கணக்கு வராது என்று அவள் தமிழில் சொன்னதை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது. பிழை கிடைத்துவிட்டது, இனி அதைச் சரி செய்ய வேண்டியதுதான் என்று என் மூளை தன் வழக்கப்படி வேலையில் இறங்கிவிட்டது.

“இங்க பாரு” என்றேன். “கணக்குல ஆபீஸ் கிடையாது. நாலு பேருன்னு போட்டிருந்தா நாலு பேருதான். அதுக்கு மேல யாரும் வர மாட்டாங்க.”

“வரவே மாட்டாங்களா?”

“வரவே மாட்டாங்க.”

“பிராமிஸ்?”

“பிராமிஸ்.”

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அங்கேயே இருபது லட்டைக் கேட்டேன். “ஃபைவ்” என்றாள். முப்பது முறுக்கு? “சிக்ஸ்.” அவ்வளவுதான், ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

டெஸ்ட்டில் எல்லாமே சரியாகப் போட்டிருந்தாள். அலுவலகத்தில் இருக்கும்போதே மிஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது. சப்போர்ட் வகுப்பு தேவையில்லை, வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியில் இன்னும் கொஞ்சம் சந்தேகம் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குப் பட்டது. பதில் போடவில்லை. உட்கார முடியவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே மடிக்கணினியை மூடிக்கொண்டு நான் எழுந்ததைப் பார்த்து, பக்கத்து மேஜைக்காரர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். ஷட்டிலுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்தேன். மேம்பாலத்தில் எல்லாம் நின்றுவிட்டது. அன்று மட்டும் நெரிசல் என்னைக் கோபப்படுத்தவில்லை.

கதவைத் திறந்ததும் பஜ்ஜி வாசம். மனைவி உள்ளறையில் ஏதோ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாள். மகள் மேஜையிலிருந்து குதித்து ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பா, இன்னைக்கு நானே பங்கு போட்டேன்! பத்து பஜ்ஜி, ரெண்டு பேரு, ஆளுக்கு அஞ்சு. ரிமெயிண்டர் ஜீரோ!”

மேஜையில் இரண்டு தட்டுகள். ஒன்று காலி, ஒன்றில் கடைசி பஜ்ஜியின் பாதி. அடுப்பு மேடையைப் பார்த்தேன். மூலையில் எதுவும் இல்லை.

“எனக்கு?” என்றேன், விளையாட்டாகத்தான்.

“நீ ஆபீஸ்ல இருந்தல்ல?” என்றாள். “அம்மா எடுத்து வைக்கணும்னாங்க. நான்தான் அது ராங்குன்னு சொல்லிக்கொடுத்தேன். நீ பிராமிஸ் பண்ணியிருக்கல்ல, அவங்க வரவே மாட்டாங்கன்னு.” மூச்சு வாங்கிக்கொண்டு, முகம் பளபளக்க, “ரைட்டா?” என்று கேட்டாள்.

“ரைட்டு” என்றேன்.

ஸ்கேட்டிங் ஷூவைத் தூக்கிக்கொண்டு கீழே பார்க்கிங்குக்கு ஓடினாள். மீட்டிங் முடிந்து வந்த மனைவி, மாவு மிச்சம் இருக்கிறது, சூடாகப் போட்டுத் தருகிறேன் என்று வாணலியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். வேண்டாம் என்றேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த மூடி வைத்த தட்டு.